பிஸ்கட்டின் முதுகு

செப்டம்பர் 14, சனி

இந்த நேரங்கெட்ட நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னிக்க வேண்டும். யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. மீனு இப்போதுதான் தூங்கினாள். கீழே கணபதி பந்தலில் டோல் மேளம் அடித்து ஓய்ந்திருக்கிறார்கள். ஒரு வாக்கியத்தை ஆரம்பித்து, அதை நானே முடிக்கவும் முடிவது இந்த நேரத்தில்தான்.

இன்று ஒரு குதிரைக்கு மசாஜ் செய்வதைப் பார்த்தேன்.

சரியாக எழுத வேண்டுமென்றால் இப்படி: ஃபிசியோதெரபி படித்து, கோயம்புத்தூரில் பக்கவாதம் வந்தவர்களைக் கைபிடித்து நடக்க வைத்துக்கொண்டிருந்த நான், இன்று இந்த மராத்தி ஊரில் இடுப்பில் குழந்தையோடு ஒரு லாயத்தில் நின்று, ஒரு குதிரைக்கு லாவண்டர் எண்ணெய் தடவுவதை வேடிக்கை பார்த்தேன்.

எல்லாம் என் கணவன் மனோஜின் ஆபீஸ் அப்ரெய்சலுக்காக. அவனுடைய மேலதிகாரி ஷ்ரேயஸ் இருப்பது இங்கே பாணேரில், எங்கள் அடுக்ககத்தின் மேல்மாடியில். ஷ்ரேயஸின் மனைவி மேதா, மகள் ஷர்வரியைச் சனிக்கிழமைகளில் ஊருக்கு வெளியே சூஸ் தாண்டி ஒரு குதிரையேற்ற கிளப்புக்கு அழைத்துப்போகிறாள். லிஃப்டில் பார்த்து, "வீட்டிலேயே கிடக்கிறாயே, வா, குழந்தைக்கும் நல்ல காற்று" என்று இந்தியில் சொன்னாள். மனோஜ் என் முழங்கையை இடித்தான். போய்விட்டேன்.

ஷர்வரி ஏறும் குதிரையின் பெயர் பிஸ்கட். ரேஸில் ஓடி ஓய்வுபெற்ற, வாட்டசாட்டமான பழுப்புக் குதிரை. அதற்குப் போய் பிஸ்கட். கொஞ்ச நாளாக அது கோணலாக நடக்கிறதாம், முதுகு வலியாம். வலியைத் தீர்க்க ப்ரீதி என்று ஒருத்தி வருகிறாள். இதே ஊரில், கட்கியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். அவள் அப்பா வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ப்ரீதி ஆன்லைனில் குதிரை மசாஜ் படித்துச் சான்றிதழ் வாங்கியிருக்கிறாள். அதைச் சட்டமிட்டு காரின் பின்சீட்டில் வைத்துக்கொண்டே திரிகிறாள்.

மேதா என்னை அறிமுகப்படுத்தினாள்: "இவளும் மசாஜ்தான் படித்திருக்கிறாள்."

ப்ரீதி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அக்கா தமிழா? அச்சா, அப்ப நம்ம ரெண்டு பேரும் ஒரே லைன்."

ஒரே லைன்.

செப்டம்பர் 16, திங்கள்

மீனு இன்னும் நடக்கவில்லை. பதினாலு மாதம். பதினெட்டு வரை பயமில்லை என்று எத்தனை அம்மாக்களிடம் சொல்லியிருப்பேன். எவ்வளவு திமிராகச் சொல்லியிருப்பேன்.

செப்டம்பர் 21, சனி

மறுபடி கிளப். கார் முழுக்க மேதாவின் புகார்கள். டெய்லருக்கு ஒரு பள்ளிக்கூடப் பாவாடையை ஒழுங்காக மடித்துத் தைக்கத் தெரியவில்லையாம். எத்தனை தடவை பிரித்துத் தைத்தாலும் ஒரு பக்கம் தொங்குகிறதாம். பூட்ஸ் வேறு, வாங்கிய கையோடு ஷர்வரிக்குச் சின்னதாகிவிடுகிறதாம். உலகத்தில் மேதாவுக்கு வந்த கஷ்டம் யாருக்கும் வரக்கூடாது.

ப்ரீதியின் வைத்தியத்தை இன்று கிட்டத்தில் நின்று பார்த்தேன். முதலில் குதிரையின் கழுத்தோரம் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாள். "கனெக்ஷன்" எடுக்கிறாளாம். பிறகு கட்டைவிரலால் அழுத்துகிறாள், உள்ளங்கையால் தேய்க்கிறாள். கொஞ்ச நேரத்தில் குதிரை தலையைத் தொங்கப்போட்டு, உதட்டைத் தளர்த்தி, வாயை மென்று, கொட்டாவி விட்டது.

"பாத்தீங்களா அக்கா, ரிலீஸ் ஆவுது."

மீனுவும் பால் குடிப்பதற்கு முன்னால் இதையெல்லாம் செய்கிறாள். அதை நான் தூக்கம் என்பேன்.

"எதுக்கு வலிக்குதுன்னு பாத்தியா?" என்று கேட்டேன்.

"இது பாடிவொர்க் அக்கா. டாக்டர் வேலை இல்ல."

நல்ல பதில். நோயாளி பேசமாட்டான், தேய்க்கிறவள் கேட்கமாட்டாள், செலவழிக்கிறவள் பார்க்கமாட்டாள். இந்தத் தொழில் நசிக்கவே நசிக்காது. மேதா நாற்காலியில் உட்கார்ந்து அதன் கொட்டாவியை வீடியோ எடுத்தாள்.

செப்டம்பர் 28, சனி

தொடக்கூடாது என்று நினைத்தேன். தொட்டுவிட்டேன்.

மீனுவை மேதா வாங்கிக்கொண்டாள். அவளுக்குக் குழந்தை என்றால் ஃபோட்டோவுக்கு வேண்டும். கை சும்மா இருந்தது. பிஸ்கட்டின் முதுகில், சேணம் உட்காரும் இடத்துக்குக் கீழே, இரண்டு உள்ளங்கையையும் வைத்தேன். எத்தனை நாள் கழித்து ஒரு முதுகு! இடதுபக்கம் திரண்டு நிறைந்திருக்கிறது. வலதுபக்கம் உள்வாங்கி, தொட்டதும் தோல் சிலிர்க்கிறது. குதிரை காதைப் பின்னால் மடக்கியது.

"அக்கா, மெதுவா. வலதுபக்கம் தொட்டா கடிக்கும்."

"எப்பவும் வலதுபக்கம்தானா?"

"எப்பவும்." ப்ரீதி எண்ணெய்ப் புட்டியை மூடினாள்.

ஒரு மனிதனிடம் இப்படி ஒரு முதுகைப் பார்த்திருந்தால், எந்தத் தோளில் பை மாட்டுகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்டிருப்பேன். குதிரை பை மாட்டுவதில்லையே என்று நினைத்துக்கொண்டே காரில் ஏறினேன். வீடு வந்து மீனுவுக்குச் சாதம் பிசையும்போதுதான் உறைத்தது. மாட்டுகிறது. ஷர்வரியை.

செப்டம்பர் 30, திங்கள்

வேண்டாத வேலை. எனக்கு வேலை இல்லாததால் வரும் புத்தி. காலையில் மீனுவின் முதுகைத் தடவித் தடவிப் பார்த்து அவளை அழவைத்துவிட்டேன். நேராகத்தான் இருக்கிறது. நேராகத்தான் இருக்கிறது.

அக்டோபர் 5, சனி

இன்று வேறெதையும் பார்க்காமல் ஷர்வரியை மட்டும் பார்த்தேன்.

முதலில் கிளப்பின் கோச் பிஸ்கட்டின் மேல் ஏறி ஒரு சுற்று வந்தார். குதிரை நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. பிறகு ஷர்வரி ஏறினாள். அதே குதிரை நண்டு மாதிரி நடந்தது.

இந்த மேதாவிகள் என்னென்ன செய்து வைத்திருக்கிறார்கள் என்று இப்போதுதான் கவனிக்கிறேன். சேணம் வலதுபக்கம் சரிகிறது என்று குதிரைக்காரர் காசிம் அந்தப் பக்கம் ஒரு துவாலையை மடித்துச் செருகுகிறார். கால் எட்டவில்லை என்று கோச் கால் நுழைக்கும் இடது அங்கவடியின் வாரை ஓர் ஓட்டை ஏற்றி மாட்டிவிட்டிருக்கிறார். பாவாடை தொங்குகிறது என்று டெய்லர் பிரித்துத் தைக்கிறான். முதுகு வலிக்கிறது என்று ப்ரீதி குதிரையைத் தேய்க்கிறாள். எல்லாரும் எதையாவது சரிசெய்துகொண்டே இருக்கிறார்கள். நடுவில் உட்கார்ந்திருக்கும் பெண்ணை மட்டும் ஒருத்தரும் பார்க்கவில்லை.

இறங்கியதும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பன்னிரண்டு வயது, பல்லில் கம்பி. மீனுவோடு இந்தியில் கொஞ்சிக்கொண்டிருந்தாள்.

"ஆன்ட்டி, பிஸ்கட்டுக்கு வலிக்கிறதுன்னு எப்படித் தெரியும்? அது சொல்லாதே."

"காதைப் பின்னால மடக்கும்."

யோசித்தாள். "எனக்குக் காதை மடக்க வராது."

"உனக்கு எங்கே வலிக்குது?"

தோளைக் குலுக்கினாள். "ஃபோனால வர்றதுன்னு அம்மா சொல்றா."

மீனுவின் ஷூ ஒன்று கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தாள். நான் பின்னால் இருந்தேன். டி-ஷர்ட்டுக்கு அடியில் வலதுபக்க விலா முழுக்க, ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்த மாதிரி மேடு. இடதுபக்கம் தட்டை. முதுகுத்தண்டு வளைந்து திருகியிருந்தால் குனியும்போது இப்படித்தான் தெரியும். முதல் வருட மாணவிக்கே தெரியும்.

அவள் நிமிர்ந்து ஷூவைக் கொடுத்தாள். நான் தேங்க்ஸ் சொன்னேன். தேங்க்ஸ் மட்டும்தான் சொன்னேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

மனோஜிடம் சொன்னேன். இட்லியைச் சட்னியில் முக்கிக்கொண்டே கேட்டான்.

"நிச்சயமாத் தெரியுமா?"

"எக்ஸ்ரே எடுத்தாத்தான் எவ்வளவுன்னு தெரியும். இருக்குங்கறது நிச்சயம்."

"அப்ப நிச்சயமாத் தெரியாது." கையைக் கழுவிவிட்டு வந்து மெதுவாகச் சொன்னான்: "பாரு, நவம்பர்ல அப்ரெய்சல் முடியட்டும். அவங்களுக்கு இல்லாத டாக்டரா? உம் பொண்ணு கோணல்னு எம்பொண்டாட்டி போய் ஷ்ரேயஸ் வீட்டுல சொன்னா, நாளைக்கு ஆபீஸ்ல நான் எப்படி நிக்கறது?"

"நேரா நில்லு" என்றேன். அவன் சிரிக்கவில்லை.

இரண்டு மாதம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். இரண்டு மாதத்தில் என்ன ஆகிவிடும்? என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பூட்ஸ் சின்னதாகிறது என்றால் பெண் மளமளவென்று வளர்கிறாள். வளர வளரத்தான் அது வளையும். வளர்ந்து முடித்துவிட்டால் முதுகைச் சுற்றிக் கட்டும் ப்ரேஸ் போட்டுப் பிரயோஜனமில்லை, அறுவை சிகிச்சைதான். வளைவதற்கு அப்ரெய்சல் தேதி தெரியாது.

அக்டோபர் 12, சனி. தசரா

கிளப்பில் எல்லாக் குதிரைக்கும் சாமந்தி மாலை, நெற்றியில் குங்குமம். மேதா எல்லார் கையிலும் தசராவுக்கு இங்கே தங்கமாகக் கொடுத்துக்கொள்ளும் ஆப்டா இலையைக் கொடுத்து, தங்கம், தங்கம் என்றாள். பிஸ்கட் தன் மாலையைத் தின்னப் பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே புத்தியோடு நடந்துகொண்டது அது ஒன்றுதான்.

லாயத்துக்குப் பின்னால் ப்ரீதியைப் பிடித்தேன். ஒரு வாரமாக எனக்குள் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் அவள் மேல் கொட்டினேன். கண்ணை மூடிக் கனெக்ஷன் எடுக்கிறாயே, மேலே உட்கார்ந்திருக்கிற பெண்ணைக் கண்ணைத் திறந்து ஒரு தடவை பார்த்தாயா? வாரா வாரம் அதே வலது முதுகைத் தேய்க்கிறாயே, ஏன் மறுபடி மறுபடி அதே இடம் என்று ஒரு நாளாவது தோன்றியதா?

அவள் கையில் ஒட்டியிருந்த ரோமத்தை உதறினாள்.

"தோணுச்சு. கோச் ஏறினா நேரா போவுது, பாப்பா ஏறினா கோணலா போவுது. எனக்கு இன்னா கண்ணு இல்லையா? உக்கார்றதே ஒரு மாதிரி இருக்கு மேடம்னு மேதா மேடம்கிட்ட ஒரு வாட்டி சொன்னேன். நீ குதிரையைப் பாருன்னாங்க. பாத்துட்டிருக்கேன்."

"சொல்லிட்டு அதோட விட்டுட்டியா?"

"நான் குதிரைக்குத்தான் சர்டிபிகேட் வாங்கிருக்கேன் அக்கா. மனுசங்களுக்கு வாங்கினது நீங்க." நிதானமாகப் பார்த்தாள். "போன வாரம் பாப்பா குனிஞ்சப்ப நீங்க பாத்தீங்க. நீங்க பாத்ததை நானும் பாத்தேன். நீங்க சொல்லிட்டீங்களா?"

மீனு அழுதாள். நல்ல வேளை, அழுதாள்.

அக்டோபர் 13, ஞாயிறு

மறைத்தவள் என்று அவளைத்தான் எழுத நினைத்திருந்தேன்.

அவளாவது ஒரு வாட்டி சொல்லியிருக்கிறாள்.

அக்டோபர் 19, சனி

சொல்லிவிட்டேன்.

கிளப் கேன்டீனில். மேதாவுக்கு மட்டும் கட்டஞ்சாயா. ஷர்வரி மீனுவைத் தூக்கிக்கொண்டு காசிமோடு லாயத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள். மனதுக்குள் இந்தியில் அடுக்கி வைத்திருந்த வாக்கியமெல்லாம் கலைந்து, கடைசியில் தோசைக் கரண்டியால் மேசையில் தட்டுகிற மாதிரி பேசினேன். ஷர்வரியின் முதுகுத்தண்டு வளைந்திருக்கிறது என்று நினைக்கிறேன், எலும்பு டாக்டரிடம் காட்டி எக்ஸ்ரே எடுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

மேதா முதலில் சிரித்தாள். "போஸ்சர். நான் தினம் திட்டுகிறேன்."

"போஸ்சர் இல்லை. குனியச் சொல்லிப் பின்னால் நின்று பாருங்கள்."

"பிஸ்கட்டுக்குத்தான் முதுகு சரியில்லை. அதற்குத்தான் ஆள் வைத்திருக்கிறோம்."

"பிஸ்கட்டுக்கு ஒன்றுமில்லை. இவள் கோணலாக உட்கார்வதால்தான் அது கோணலாக நடக்கிறது. பாவாடை தொங்குவதும் அதனால்தான். டெய்லரை விட்டுவிடுங்கள்."

டெய்லரைச் சொல்லியிருக்கக்கூடாது. அவள் முகம் மூடிக்கொண்டது. கோப்பையைக் கீழே வைத்தாள். "குதிரைக்கு மசாஜ் செய்கிறவளும் நீயும் சேர்ந்துகொண்டு என் பெண்ணுக்கு நோய் கண்டுபிடிக்கிறீர்களா?" குரல் உயரவில்லை. பாணேரில் யாருக்கும் உயராது.

திரும்பியதும் மேதாவின் காரில்தான். சூஸ் ரோட்டுப் பள்ளங்களைத் தாண்டும்போது மீனு, தின்ற தயிர்சாதம் முழுவதையும் அந்த வெண்ணெய் நிறத் தோல் சீட்டில் கக்கினாள். துடைத்தேன். மன்னிப்பும் கேட்டேன். உள்ளுக்குள் அவ்வளவாக வருத்தப்படவில்லை.

மனோஜிடம் சொன்னபோது அவன் கத்தவில்லை. லேப்டாப்பைத் திறந்து, எதையோ பார்ப்பது போல உட்கார்ந்திருந்தான்.

"நவம்பர்னு சொன்னேனே."

"சொன்னே."

அக்டோபர் 26, சனி

மேதாவின் கார் வரவில்லை. மீனுவுக்குச் சாக்ஸ் மாட்டித் தயாராக வைத்திருந்தேன். நானும்தான் என்ன பிறவி.

நவம்பர் 1, வெள்ளி. தீபாவளி

மேதா வீட்டிலிருந்து இந்தத் தளத்தில் எல்லா வீட்டுக்கும் ஃபராள் பலகார டப்பா வந்தது. சக்லி, கரஞ்சி, சிவ்டா. எதிர்வீட்டு வாசலில் டிரைவர் கொடுத்துவிட்டுப் போனதைக் கதவுத் துளை வழியாகப் பார்த்தேன். எங்கள் மணி அடிக்கவில்லை. மனோஜும் பின்னால் வந்து நின்றிருந்தான், எனக்குத் தெரியாது.

"சக்லி உனக்குப் பிடிக்காதே" என்றான்.

"நம்ம முறுக்கு அளவுக்கு வராது" என்றேன்.

ஒரு முதுகை உள்ளபடி சொன்னதற்குத் தண்டனை, முறுக்கு இல்லை. இவர்களுடைய கோபத்துக்குக்கூட ஒரு உயரம் கிடையாது. ஆனால் எக்ஸ்ரே எடுத்தார்களா? அதை மட்டும் யாராவது சொன்னால் போதும். நினைக்க நினைக்கத் தூக்கம் வருவதில்லை. ஒருவேளை நான் சொன்ன விதத்தாலேயே போகாமல் இருந்துவிட்டால்?

நவம்பர் 12, செவ்வாய்

மீனு நடந்தாள். நான் சமையலறையில் குக்கர் விசிலுக்குக் காத்திருந்தேன். பார்த்தது மனோஜ்.

நவம்பர் 21, வியாழன்

லிஃப்டில் மேதா. ஐந்தாவது தளம் வரை இரண்டு பேரும் கதவைப் பார்த்துக்கொண்டு வந்தோம். அங்கிருந்து கீழே வருவதற்குள் சொல்லி முடித்தாள்.

"டாக்டர் கண்டுபிடித்துவிட்டார். இருபத்தெட்டு டிகிரி. ப்ரேஸ் போட்டால் போதும் என்கிறார். நல்ல டாக்டர், பார்த்ததுமே சொல்லிவிட்டார்."

"எப்போது எக்ஸ்ரே எடுத்தீர்கள்?"

"அது... தீபாவளிக்கு முன்னாலேயே."

தீபாவளிக்கு முன்னாலேயே. என் வாசலைத் தாண்டி டப்பா போனபோது இவளுக்குத் தெரியும்.

டாக்டர் கண்டுபிடித்தாராம். கண்டுபிடிக்கட்டும். கதவு திறந்தது, கைப்பையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டாள். நான் வந்த வேலையை மறந்து மறுபடி லிஃப்டில் ஏறி வீட்டுக்கு வந்து, குளியலறைக் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன். இருபத்தெட்டு. ப்ரேஸுக்கு அடங்கும். நேரம் இருக்கிறது.

நவம்பர் 29, வெள்ளி

அப்ரெய்சல் வந்துவிட்டது. மனோஜை கராடி ஆபீசுக்கு மாற்றியிருக்கிறார்கள், வேறு டீம். ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி. "புராஜெக்ட் தேவை"யாம். ஷ்ரேயஸ் கைகுலுக்கி வாழ்த்தும் சொன்னாராம்.

"என்னாலதானே?" என்றேன்.

மீனுவின் இரண்டு கையையும் பிடித்து நடக்க வைத்துக்கொண்டிருந்தான். "பஸ்ல உக்காந்து தூங்கலாம். பாணேர்ல தூங்கவா விட்டாங்க?" என்றான். பிறகு அவளைப் பார்த்தபடியே, "அந்தப் பொண்ணுக்கு ஆபரேஷன் வேண்டாம்ல?" என்று கேட்டான்.

"வேண்டாம்."

"சரி."

டிசம்பர் 7, சனி

காலையில் ப்ரீதி ஃபோன் செய்தாள். என் நம்பரை ஷர்வரியிடம் வாங்கினாளாம். பாப்பா ப்ரேஸைக் கழற்றி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் குதிரையேறலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். ஆனால் எப்படி உட்கார வேண்டும், என்ன பயிற்சி என்று அங்கே ஒருத்தருக்கும் தெரியவில்லையாம். காசிம் துவாலையை எடுத்துவிட்டாராம், இப்போது சேணம் சரிகிறதாம்.

"பாப்பாதான் உங்களைக் கூப்புடச் சொல்லுச்சு அக்கா. மேடம் வேணாம்னு சொல்லலே. வேணும்னும் சொல்லலே. மத்த பசங்க ரெண்டு பேரு குதிரையும் ஒரு பக்கமாத்தான் தேஞ்சிருக்கு, நான் கை வெச்சுப் பாத்தேன். நான் குதிரையப் பாக்கறேன், நீங்க மேல இருக்கறதைப் பாருங்க. எப்பிடி?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பகல் முழுக்க யோசித்தேன். இந்தப் பெண்ணின் எண்ணெயிலும் கனெக்ஷனிலும் எனக்குத் துளி நம்பிக்கை கிடையாது. அந்தக் கிளப்பில் ஒரு முகத்தையும் பிடிக்கவில்லை. மனோஜிடம் கேட்டேன். "அப்ப சனிக்கிழமை யாரு சமைக்கறது?" என்றான். அவன்தான் என்றேன்.

ப்ரீதிக்குத் தமிழ் படிக்க வராது. இங்கே எழுதி வைத்துக்கொண்டு, வாய்ஸ் மெசேஜில் அப்படியே படித்து அனுப்பப் போகிறேன்:

ப்ரீதி, பார்கவி பேசறேன். இவ்வளவு லேட்டா அனுப்பறதுக்கு மன்னிச்சுக்கோ, குழந்தை இப்பத்தான் தூங்கினா. வர்ற சனிக்கிழமை வர்றேன். ஷர்வரி தளர்வான டி-ஷர்ட் போட்டு வரட்டும், குதிரைக்கு முன்னாடி அவளைத் தரையில நிக்க வெச்சுப் பாக்கணும். மத்த ரெண்டு பசங்களோட அம்மாவும் கூட இருந்தாத்தான் தொடுவேன். அந்த லாவண்டர் எண்ணெய் எம்பக்கத்துல வரக்கூடாது. என்னை யார்கிட்டயும் மசாஜ்னு சொல்லி அறிமுகம் பண்ணாதே. பிஸ்கட்டோட வலது முதுகை அதுக்குள்ள ஒரு தடவை தொட்டுப் பாத்து எப்படி இருக்குன்னு சொல்லு, ஆரம்பத்துல எப்படி இருந்துச்சுன்னு உனக்குத்தான் தெரியும். மீனுவைத் தூக்கிட்டுத்தான் வரணும். இப்ப நடக்கறா, ஓரிடத்துல நிக்கமாட்டா. குதிரைங்க காலுக்கு எட்டாத இடமா, அவளை இறக்கி விட ஏதாவது அங்கே இருக்கா? பாத்துட்டு சீக்கிரம் பதில் போடு.